மோட்டார் சைக்கிள் பராமரிப்புப் பதிவேட்டில் எதை எழுதுவது, எப்படி எழுதுவது?

சிப்புட்_சாலை:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று, அப்பா தோட்டத்தில் மண்டோராக (கண்காணியாக) இருந்தபோது 2004ஆம் ஆண்டில் வாங்கிய ஹோண்டா இஎக்ஸ்5. செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் கோயிலுக்கும், பழைய லயத்தில் இன்னும் குடியிருக்கும் நண்பர்களின் வீடுகளுக்கும் அவர் இன்றும் அதில்தான் போய்வருகிறார். மற்றொன்று, நான் ஈப்போவில் வேலைக்குப் போய்வர ஓட்டும் யமஹா எல்சி135. செம்மோர் வழியாகப் போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர் என்று வாரத்தில் ஆறு நாளும் ஓடுகிறது.

இரண்டுக்கும் முறையான பதிவேடு எதுவும் இல்லை. எண்ணெய் மாற்றும்போது பட்டறையில் ஒட்டிவிடும் சிறு தாள் இரண்டு மழைக்குள் எழுத்தழிந்து போகிறது. இதனால் எனக்கு நேர்ந்த இழப்பைச் சொன்னால்தான் ஏன் கேட்கிறேன் என்பது புரியும்.

சென்ற ஆண்டு எல்சி135 மேட்டில் ஏறும்போது இயந்திரத்தின் இரைச்சல் கூடியதே தவிர, வேகம் கூடவில்லை. கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கும் என்று பட்டறையில் சொன்னார்கள், மாற்றினோம். இரண்டு வாரத்தில் அதே கோளாறு திரும்பி வந்தது. கடைசியில் வீட்டுப் பின்புறம் கிடந்த காலிப் போத்தலைப் பார்த்தபோதுதான், அதற்கு முந்தைய முறை நானே வீட்டில் ஊற்றியது கார்களுக்கான எண்ணெய் என்பதும், மீதமிருந்ததையே கிளட்ச் மாற்றியபோதும் கொடுத்தனுப்பினேன் என்பதும் தெரியவந்தன. இவ்வகை வண்டிகளில் இயந்திரம், கியர்பெட்டி, கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் நனைகின்றன. உராய்வைக் குறைக்கும் கலவை சேர்த்த கார் எண்ணெய் கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்துவிடும். போத்தலில், மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கான ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகே கற்றுக்கொண்டேன். எண்ணெய் மாற்றிய அன்று அதன் பெயரை ஒரு வரியில் எழுதி வைத்திருந்தால், கோளாறு தொடங்கிய நாளும் எண்ணெய் மாறிய நாளும் அடுத்தடுத்து இருப்பது அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

அப்பாவின் வண்டியில் இன்னொரு சிக்கல். கிலோமீட்டர் மானியின் கேபிள் அறுந்து, 48,316இல் எண் நின்றுவிட்டது. ஐந்து மாதம் கழித்துத்தான் மாற்றினோம். அந்த ஐந்து மாதத்தில் எவ்வளவு ஓடியது என்று தெரியாதபோது, அடுத்த எண்ணெய் மாற்றத்தை எதை வைத்துக் கணக்கிடுவது? மேலும், எல்சி135ஐ நான் பழையதாகத்தான் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் பின் பற்சக்கரத்தையும் புகைக்குழாயையும் மாற்றியிருக்கிறார், வேறென்ன மாற்றினார் என்பது தெரியாது.

பதிவேடு வைத்துப் பழகியவர்கள் உதவ வேண்டும். எவற்றை எழுத வேண்டும், கிலோமீட்டரையா தேதியையா முதன்மையாகக் கொள்ள வேண்டும், பழைய விவரம் எதுவுமே இல்லாத வண்டிக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பவையே என் கேள்விகள்.

தோட்டப்_பட்டறை:

தம்பி, நான் தோட்டத்துப் பட்டறையில் 27 ஆண்டுகள் டிராக்டர் பழுது பார்த்தவன். பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போனதும், கிராணியார் (தோட்ட எழுத்தர்) செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் குறிப்பதைப் போல, நாங்கள் ஒவ்வொரு டிராக்டருக்கும் அதற்குரிய புத்தகத்தில் அன்றைய மணிக்கணக்கைக் குறிப்போம். டிராக்டரில் தூரத்தைக் காட்டும் மானியை யாரும் நம்புவதில்லை. இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் கணக்கு. குலை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஆள் நடக்கும் வேகத்தில் நாள் முழுவதும் ஊர்ந்தாலும் தூரம் சில கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் இயந்திரம் எட்டு மணி நேரம் வெந்திருக்கும்.

உங்கள் அப்பாவின் வண்டிக்கும் இதே நியாயம் பொருந்தும். கோயில் வரை இரண்டு கிலோமீட்டர், திரும்பி வர இரண்டு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியின் இயந்திரம் முழுச் சூடு பிடிப்பதற்குள் நிறுத்தப்பட்டுவிடுகிறது. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி வெளியேறாமல் எண்ணெயோடு கலந்து தங்கிவிடும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பார்த்தால் உட்புறம் பால் போலக் கலங்கிய பசை ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு 2,000 கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருந்தால் ஓராண்டு ஆகிவிடும். ஆகவே இஎக்ஸ்5க்குத் தேதியை முதன்மையாகக் கொள்ளுங்கள். நான் என்னுடைய வண்டிக்கு மூன்று மாதத்தைத் தாண்டவிடுவதில்லை. ஈப்போவுக்கு ஓடும் வண்டி நாள்தோறும் நன்றாகச் சூடாகி ஓடுவதால், அதற்குக் கிலோமீட்டரே சரியான அளவு. இரண்டு வண்டிக்கும் இரண்டையும் எழுத வேண்டும். எதை நம்பி முடிவெடுப்பது என்பதுதான் மாறுகிறது.

மானி நின்ற ஐந்து மாதத்தை வெற்றிடமாக விடாதீர்கள். அப்பா வாரத்திற்கு எவ்வளவு ஓட்டுகிறார் என்று கேளுங்கள். 40 கிலோமீட்டர் என்றால், 22 வாரத்திற்கு 880 கிலோமீட்டர். அதைத் தனி வரியாக எழுதி, பக்கத்தில் ‘உத்தேசம்’ என்று குறிப்பிடுங்கள். மானி காட்டும் எண்ணோடு கலந்துவிடாதீர்கள். அளந்ததும் ஊகித்ததும் ஒரே வரியில் ஒரே மாதிரி எழுதப்பட்டால், மூன்றாண்டு கழித்துப் படிக்கும்போது எது எது என்று உங்களுக்கே தெரியாது.

இப்போது முதன்மையான விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலோர் பதிவேட்டில் ‘செய்தது’ என்ன என்று மட்டும் எழுதுகிறார்கள். ‘கண்டது’ என்ன என்று எழுதுவதில்லை. ‘பிளக் மாற்றப்பட்டது’ என்ற வரி செலவுக் கணக்குக்கு உதவும், வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ‘பழைய பிளக்கின் முனையில் காய்ந்த கரி படிந்திருந்தது, என்ஜிகே சி7எச்எஸ்ஏ போட்டேன், இடைவெளி 0.7 மி.மீ.’ என்று எழுதினால், பெட்ரோல் அதிகமாகக் கலக்கிறது என்ற செய்தி அதில் இருக்கிறது. அடுத்த முறையும் அதே கரி என்றால், பிளக்கை மாற்றிப் பயனில்லை, கார்புரேட்டரையும் காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும் என்று புத்தகமே சொல்லிவிடும்.

வால்வு இடைவெளியை, அதாவது வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை, எடுத்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்5க்கு இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. இருக்க வேண்டும். சரிசெய்து முடித்தபின் 0.05 என்று எழுதுவது எளிது. எல்லாப் பக்கத்திலும் அதே 0.05தான் இருக்கும். திறந்தபோது எவ்வளவு இருந்தது என்பதைத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளியேற்று வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது என்றால், வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே அமிழ்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இடைவெளி முற்றிலும் மறைந்தால் வால்வு முழுமையாக மூடாது, சூடான வாயு கசிந்து அதன் விளிம்பைக் கருக்கிவிடும். அந்த நிலை வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே இரண்டு எண்களை ஒப்பிட்டு அறிந்துகொள்ள முடியும்.

செயினுக்கும் அப்படியே. 420, 428 இரண்டு அளவிலும் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு 12.7 மி.மீ. என்பதால், புதிய செயினில் 20 கண்ணி 254 மி.மீ. இருக்கும். செயினை இறுக இழுத்து, ஊசிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு இரும்பு அடிக்கோலால் அளந்து எழுதுங்கள். ‘செயின் தொய்வு, இறுக்கப்பட்டது’ என்று ஐந்து முறை எழுதுவதைவிட, 254.5, 255.5, 257 என்ற மூன்று எண்கள் அதிகம் பேசும். மழைக்காலத்து மாதங்களில் மட்டும் வேகமாக நீள்கிறது என்றால், குறை செயினில் இல்லை, எண்ணெய் விடாத நம் கையில் இருக்கிறது.

பழைய விவரம் இல்லாத வண்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒதுக்குங்கள். திரவங்கள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், அவற்றின் வயது உங்களுக்குத் தெரிந்துவிடும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் அதற்குத் தேதி கட்டாயம் தேவை. எல்சி135 நீரால் குளிர்விக்கப்படும் வண்டி என்பதால் அந்தக் குளிர்விப்பு நீரையும் மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்தது. அதையும் எழுதுங்கள். இஎக்ஸ்5க்கு மாற்றிப் போடும் காகித எண்ணெய் வடிகட்டி கிடையாது, உள்ளே கம்பி வலையும் சுழற்சியால் அழுக்கைப் பிரிக்கும் கிண்ணமும்தான் இருக்கின்றன. 21 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய வண்டியில் அவை எப்போது கழுவப்பட்டன என்பது யாருக்கும் நினைவிருக்காது. கழுவிவிட்டு, எவ்வளவு வண்டல் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

கணக்கேடு:

சகோதரருக்கு வணக்கம். நான் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். பத்தாண்டுகளாக என் வேவ் 125க்குப் புத்தகம் வைத்திருக்கிறேன். பட்டறை ஐயா சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எழுதும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து கட்டம் போட்டுத் தொடங்கிய பதிவேடு எதுவும் மூன்று மாதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. தேதி, கிலோமீட்டர், கண்டது, செய்தது, செலவு ஆகிய ஐந்து போதும். செலவில் மட்டும் பொருளின் விலையையும் கூலியையும் பிரித்து எழுதுங்கள். அடுத்த முறை ஒரே பொருளுக்கு வேறு விலை சொல்லப்படும்போது எது உயர்ந்தது என்று கேட்க முடியும்.

மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருக்கும் 555 புத்தகம் ஒன்றை நெகிழிப் பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் நிற்கும்போதே அதில் கிறுக்கிவிட வேண்டும். வீட்டில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று இருக்கட்டும். ஞாயிறு மாலையில் அதில் திருத்தமாக எழுதலாம். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்த என் தம்பி, கைப்பேசி ஆற்றில் விழுந்தபோது நான்காண்டுக் கணக்கையும் இழந்தான். ஆகவே கைப்பேசியைப் படமெடுக்கப் பயன்படுத்துங்கள், மூலப் பதிவு காகிதத்தில் இருக்கட்டும். பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். ஜெல் மை ஈரம் பட்டால் கரைந்துவிடுகிறது.

இரசீதுகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இப்போதைய இரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தால் கருக்கும் பூச்சுடைய தாளில் அச்சாகின்றன. இருக்கைக்கு அடியில் வைத்தால் நம் ஊர் வெயிலில் சில வாரங்களில் தாள் கருத்துவிடும் அல்லது எழுத்து மங்கிவிடும். பாதுகாப்பதாக எண்ணிச் சூட்டில் நெகிழியுறை ஒட்டும் (லேமினேட்) கருவியில் போட்டால் தாள் முழுவதும் கருப்பாகிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து, சாதாரணத் தாளில் நகலெடுத்து ஒட்டிவிடுங்கள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மாறாத விவரங்களுக்கு ஒதுக்குங்கள்: இயந்திர எண், சட்டக (சேஸி) எண், பிளக்கின் குறி, மின்கல அளவு, 70/90-17 என்பது போன்ற டயர் அளவுகள். வண்டி தொலைந்து காவல் நிலையத்தில் நிற்கும்போது அந்தப் பக்கத்தின் மதிப்பு தெரியும். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் நடந்தது.

பல்லும்_செயினும்:

அண்ணா, வணக்கம். மேம்பாடுகளைப் பற்றி இதுவரை யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என்னிடமும் எல்சி135தான் இருக்கிறது.

முதலில், உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சிலிண்டர் விட்டம் 54.0 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 58.7 மி.மீ., கொள்ளளவு ஏறத்தாழ 134 சிசி. எதிர்ப்பக்கத்தில் இப்போது இருப்பதை எழுதுங்கள். முன்பு வைத்திருந்தவர் 57 மி.மீ. சிலிண்டர் போட்டிருந்தால் கொள்ளளவு 150 சிசியை நெருங்கிவிடும்; பார்வைக்கு வெளியில் எந்த வேறுபாடும் தெரியாது. பின் பற்சக்கரம், புகைக்குழாய் இரண்டையும் மாற்றியவர் அதோடு நிறுத்தியிருப்பார் என்று கொள்ள வேண்டாம். கார்புரேட்டரைக் கழற்றும்போது பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகுகளான முதன்மை ஜெட்டிலும் துணை ஜெட்டிலும் பொறித்திருக்கும் எண்களைப் படித்து எழுதுங்கள்.

பற்சக்கரத்தில் பற்களின் எண்ணிக்கையைப் பொதுவாக அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். பின் பல்லை முன் பல்லால் வகுத்த விகிதத்தை எழுதி வைத்தால் ஒப்பிட எளிது. எடுத்துக்காட்டாக, பின் 39, முன் 15 என்றால் 2.60. முன்னே ஒரே ஒரு பல்லைக் குறைத்து 14 ஆக்கினால் 2.79 ஆகிவிடும், மேடு ஏறுவது எளிதாகும், ஆனால் ஈப்போ சாலையில் அதே வேகத்துக்கு இயந்திரம் அதிகமாகச் சுழல வேண்டும், பெட்ரோலும் கூடும். முன் சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஓடும் மானியை இது பாதிக்காது. கியர்பெட்டியில் உள்ள உணரியிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் வண்டிகளில், பல் மாறியதும் மானி காட்டும் தூரமும் பொய்யாகிவிடும். அத்தகைய வண்டியில் பல் மாற்றிய நாளைக் குறிக்காவிட்டால் அதற்குப் பின் எழுதும் கிலோமீட்டர் அனைத்தும் பிழையாகும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை நான் பாடுபட்டுக் கற்றுக்கொண்டேன். ஒரே நாளில் புகைக்குழாயையும் ஜெட்டையும் காற்று வடிகட்டியையும் மாற்றினேன். வண்டி நடுவேகத்தில் திணறியது. மூன்றில் எது காரணம் என்று அறிய முடியாமல், ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திருப்பி, இரண்டு மாதம் வீணானது. இப்போது ஒன்றை மாற்றியபின், தொட்டியை நிரப்பி, மீண்டும் நிரப்பும் வரை ஓடிய தூரத்தை அளந்து, பெட்ரோல் கணக்கை எழுதிய பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறேன். 150 கிலோமீட்டருக்கு 3.2 லிட்டர் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர். இந்த எண் திடீரென்று குறைந்தால் வேறு அறிகுறி தெரியும் முன்பே நான் விழித்துக்கொள்கிறேன்.

கழற்றிய அசல் பொருள்களை எறியாமல், தேதியும் கிலோமீட்டரும் எழுதிய சீட்டைக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். கடைசியாக, இயந்திர எண்ணும் கொள்ளளவும் வண்டியின் கிராண்டில் (பதிவுச் சான்றில்) பதிவானவை. இயந்திரத்தையோ கொள்ளளவையோ மாற்றினால் அது சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டிய மாற்றம். காப்புறுதிக் கோரிக்கையின்போதும் இது சிக்கலைத் தரும். முன்பு வைத்திருந்தவர் செய்ததற்கும் இப்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்பதால், சிலிண்டரைச் சோதித்துப் பாருங்கள்.

சிப்புட்_சாலை:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று ஞாயிறு முழுவதையும் இதற்கே ஒதுக்கினோம்.

எல்சி135இன் செயின் 20 கண்ணிக்கு 258 மி.மீ. காட்டியது. இரண்டு மாதத்திற்கு முன்புதான் ‘இறுக்கிவிட்டோம், நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லைக் கேட்டு நம்பி வந்தேன். பற்சக்கரங்களோடு சேர்த்து மாற்றப் போகிறேன். பின் டயரின் எண் 1418. அந்த டயர் 2018ஆம் ஆண்டில் செய்யப்பட்டது என்பதை அறிந்து அன்று மாலையே அதையும் பட்டியலில் சேர்த்தேன். சிலிண்டரை அடுத்த மாதம் திறந்து அளக்கலாம் என்று பட்டறையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவின் வண்டியில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மின்கலத்தைப் பார்க்கப் பக்க மூடியைக் கழற்றியபோது, அதன் உட்புறத்தில் அழியா மையால் சிறு எழுத்தில் வரிகள் இருந்தன. கேட்டதற்கு, ‘உன்னிடம் சொல்ல என்ன இருக்கிறது, எனக்காக எழுதி வைத்தேன்’ என்றார். ‘தீபாவளி 2006, 11,240, செயின்.’ ‘23,900, செயின்.’ ‘பொங்கல் 2013, 35,100, செயின், பல்.’ எண்ணெய் மாற்றியதை எழுதவில்லை. ஒரு மாதம் விட்டு ஒரு மாதச் சம்பளநாளில் மாற்றுவது வழக்கம் என்பதால் எழுதத் தேவைப்படவில்லையாம். இடம் தீர்ந்ததும் எழுதுவதை நிறுத்தியிருக்கிறார். ஏறத்தாழ 12,000 கிலோமீட்டருக்கு ஒரு செயின் என்று அவர் கணக்கு சொல்கிறது. அப்படியானால் 47,000 அளவில் ஒன்று மாற்றியிருக்க வேண்டும். அந்த வரி எங்கும் இல்லை. செயினை அளந்தேன்: 259.5 மி.மீ.

தோட்டப்_பட்டறை:

மூடியைக் கழுவுவதற்கு முன் படமெடுத்துவிடுங்கள் தம்பி. பெட்ரோலோ எண்ணெய்க் கறை நீக்கும் திரவமோ பட்டால் அந்த மை நிமிடத்தில் போய்விடும். இன்னொன்றையும் அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்: 23,900இல் செயினை மட்டும் மாற்றினாரா, பற்சக்கரத்தையும் சேர்த்தா? தேய்ந்த பல்லில் புதுச் செயின் ஓடியிருந்தால் அது விரைவில் நீண்டிருக்கும். அவர் கணக்கைப் படிக்கும் விதமே மாறும்.

சிப்புட்_சாலை:

கேட்டேன் ஐயா. முதல் இரண்டு முறையும் செயின் மட்டும்தான், கையில் பணம் இல்லை என்றார். பல்லும் சேர்ந்து மாறியது 2013இல்தான். படமெடுத்துவிட்டேன், மூன்று வரிகளையும் புதிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, முதல் இரண்டின் பக்கத்தில் ‘செயின் மட்டும், அப்பா சொன்னது’ என்று குறித்திருக்கிறேன். நாளை மாலை பட்டறைக்கு இஎக்ஸ்5ஐக் கொண்டுபோகிறேன்.